முழு உடல் பேக்கேஜா, வயதுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற சோதனையா?

2023 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார்ந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையம் ‘முழு உடல் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று பெரிய பலகை வைத்து, ஒருவருக்கு 4,800 ரூபாய், குடும்பமாக வந்தால் தள்ளுபடி என்று அறிவித்திருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் என் பழைய கூட்டாளி ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் போயிருந்தார். இருமலுக்கு மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தவர். நோய் இன்னதென்று தெரிந்த நான்காம் மாதம் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது 57 வயது. அவரும் நானும் ஒரே தீப்பெட்டியில் சிகரெட் பற்றவைத்தவர்கள். பலகையைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகளில் மற்ற வழிகளையும் பார்த்துவிட்டேன். ஒன்று, நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் செய்யும் சோதனை. மற்றொன்று, திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கென்று தேவைப்பட்ட ஒரே ஒரு ஸ்கேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் பக்கம் இனி போகமாட்டேன். சுகாதார நிலையத்தில் கிடைப்பதை அங்கே பார்த்துக்கொள்வது, அங்கே இல்லாததை வயதும் பழக்கமும் கேட்டால் மட்டும் எல்லைக்கு அப்பால் போய்ச் செய்துகொள்வது. எங்கள் குடும்பம் இப்போது இப்படித்தான் செய்கிறது. ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன். எங்களைப் போல பலகையைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பேச்சு. சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் இருமல், ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் ஒப்பீடு எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பேக்கேஜில் இருந்ததும் இல்லாததும்

எங்கள் பேக்கேஜில் ‘டியூமர் மார்க்கர்’, அதாவது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் பொருட்களைப் பார்ப்பது, என்று நான்கு சோதனைகள் இருந்தன: சி.இ.ஏ., சி.ஏ. 125, சி.ஏ. 19-9, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. அதோடு நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. பன்னிரண்டு பக்க ரிப்போர்ட் வழவழப்பான உறையில் வந்தது. ஒரே காலையில் வேலை முடிந்தது. சர்க்கரையும் கொழுப்பும் பார்த்ததில் நன்மை உண்டு. மச்சினனுக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேக்கேஜைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது இவ்வளவுதான்.

என் மனைவிக்குச் சி.ஏ. 125 அளவு 48 என்று வந்தது. 35க்குள் இருக்க வேண்டுமாம். எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்து, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது சூல்பைப் புற்றுநோய்க்கான மார்க்கர் என்பதை மகன் போனில் தேடிப் படித்துச் சொன்னான். நிலையத்துக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் மிகவும் சின்னவள், “ரிப்போர்ட் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது சார், நல்ல டாக்டராகப் பாருங்கள்” என்றாள். அவள்மேல் குற்றமில்லை, அங்கே பதில் சொல்ல மருத்துவரே கிடையாது. அடுத்த மூன்று வாரம் என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து நகையை எண்ணி, எது மகளுக்கு, எது வரப்போகும் மருமகளுக்கு என்று தனித்தனியாகத் துணியில் முடிந்து வைத்ததைப் பிறகுதான் பார்த்தேன். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி இருக்கிறது, அதற்கும் இந்த அளவு ஏறும், மாதவிலக்கு நாட்களிலும் ஏறும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

மார்க்கர் என்பது பெரும்பாலும் நோய் இருப்பது உறுதியானவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயன்படுவது. நல்ல உடம்போடு இருப்பவர்களிடம் போட்டுப் பார்த்தால் உயிர் காக்குமா என்பதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சி.ஏ. 125ஐயும் ஸ்கேனையும் வைத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானபோது, சூல்பைப் புற்றுநோய் மரணம் அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. ஆண்களுக்கான பி.எஸ்.ஏ. சோதனையைக்கூட 55 முதல் 69 வயதுக்குள் மருத்துவரோடு நன்மை தீமை பேசி முடிவு செய்யச் சொல்கிறார்கள். கும்பலோடு கும்பலாகப் போட்டுவிடும் சோதனை அன்று அது. கழுத்து ஸ்கேனும் சில பேக்கேஜ்களில் உண்டு. தென் கொரியாவில் அதைப் பரவலாகச் செய்ததில், 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள், அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ அசையவில்லை. சும்மா விட்டால் ஒன்றும் செய்திருக்காத கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் கழுத்தில் கத்தி பட்டிருக்கிறது.

என்னை அதிகம் வருத்தியது பேக்கேஜில் இல்லாத விஷயங்கள்தான். மச்சினனுக்கு வெற்றிலையும் புகையிலையும் இருபது வருடப் பழக்கம். அவன் வாயைத் திறக்கச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை. மனைவிக்கு 49 வயது. கருப்பைவாய்ச் சோதனை இல்லை, மார்பைத் தொட்டுப் பார்க்கவும் ஆள் இல்லை. நம் நாட்டில் அரசாங்கமே முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் பார்க்கச் சொல்லும் மூன்று புற்றுநோய்கள் வாய், மார்பகம், கருப்பைவாய். ‘முழு உடல்’ என்ற அந்தப் பலகைக்குள் இந்த மூன்றும் இல்லை.

டார்ச் லைட்டும் மரக்குச்சியும்

தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து அழைத்துச் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய மாவட்டங்களில் எங்கள் கன்னியாகுமரியும் ஒன்று. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மற்றவை. எங்கள் வீட்டுக்கும் வந்து சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மச்சினன் போக மறுத்தான். “பன்னிரண்டு பக்கம் ரிப்போர்ட் சுத்தமாக வந்திருக்கிறதே அத்தான், இனி எதற்கு?” என்றான். நான்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. செவிலியர் கையுறை மாட்டிக்கொண்டு, “அண்ணே, வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்” என்றார். பிறகு ஒரு கையில் டார்ச், மறு கையில் ஐஸ்குச்சி போன்ற ஒரு மரக்குச்சி. உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பக்கவாட்டில் பார்த்தார், நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தார். இடது கன்னத்தை உள்ளிருந்து விலக்கியதும் கை அங்கேயே நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் எப்போதும் வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் இடம். நகக்கண் அளவுக்கு, காய்ந்த பால் ஏடு போல ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தும் போகவில்லை. “வலிக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றான். வலிக்கவில்லை என்பதால்தான் அவனுக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

அங்கிருந்தே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சதைப் பரிசோதனையில் புற்று இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று வந்தது. திட்டை எடுத்துவிட்டார்கள். வெற்றிலைப் பையை அன்றைக்கே குப்பையில் போட்டான். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறான். செலவு என்று பார்த்தால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்.

இந்த டார்ச் லைட் சோதனையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு அடுத்த மாவட்டமான திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி, 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதே சோதனையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1981 முதல் அங்கே இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையம் அதில் முன்னின்றது. பதின்மூன்று பகுதிகளைப் பிரித்து, சிலவற்றில் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாயைப் பார்த்தார்கள், மற்றவற்றில் பார்க்கவில்லை. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005இல் வெளியான இந்த முடிவை உலகம் முழுக்க எடுத்துப் பேசுகிறார்கள். பாறசாலை பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் நடந்த ஆய்வு, எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது.

பெண்களுக்கான சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மனைவி சொல்லிக் கேட்டதை வைத்துத்தான் எழுத முடியும். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசல் தடவிப் பார்க்கும் முறை சுகாதார நிலையத்தில் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் அந்த முறையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் தெரியவந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது அவ்வளவு பொருந்தாது, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைப் பார்க்கும் எச்.பி.வி. சோதனை நல்லது என்று செவிலியரே சொல்லி அனுப்பினார்; அதை வெளியே எடுத்தோம். முப்பது வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. பார்த்தால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மார்பகத்தைக் கையால் பார்த்துச் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது: மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டு நடந்த ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, நாற்பது வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்கக் கணக்கு. என் மனைவி இரண்டும் செய்துகொள்கிறாள். எல்லைக்கு அப்பால் 2025 பிப்ரவரியில் கேரள அரசு பெண்களுக்காக ஒரு பரிசோதனை இயக்கம் தொடங்கியபோது, பாறசாலையில் இருக்கும் எங்கள் உறவுப் பெண்களும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

நுரையீரலுக்கு எக்ஸ்ரே போதாதா?

பேக்கேஜில் என் எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்தது. அதை நம்பி ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிக்கு அடிப்படை ஏதும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்; இரண்டு பாதிக்கும் நுரையீரல் புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் இல்லை. இந்த முடிவு வெளியான அதே 2011இல் அமெரிக்காவிலேயே இன்னொரு முடிவும் வந்தது. அதிகம் புகைத்த 53,454 பேரில் பாதிப் பேருக்கு எக்ஸ்ரே, பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், ஆண்டுக்கு ஒருமுறை என மூன்று தடவை. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்த ஆய்விலும் ஆண்களுக்கு 24 சதவீதம் குறைந்ததாக 2020இல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் சிறு கட்டி விலா எலும்புக்கும் இதயத்துக்கும் பின்னால் மறைந்துவிடும், சி.டி. நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டிக் காட்டுவது போலக் காட்டுகிறது.

யாருக்கு எந்த வயதில் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட், ஓராண்டு பிடித்தால் ஒரு ‘பாக்கெட் ஆண்டு’. நான் 21 வயதில் தொடங்கி 49இல் நிறுத்தினேன்; 28 ஆண்டு, சராசரியாக நாளுக்கு 15. முக்கால் பாக்கெட்டை 28ஆல் பெருக்கினால் 21. அமெரிக்க அரசின் பரிந்துரைக் குழு 2021இல் சொன்னது: 50 முதல் 80 வயது, 20 பாக்கெட் ஆண்டு அல்லது அதற்கு மேல், இப்போதும் புகைப்பவர் அல்லது நிறுத்தி 15 ஆண்டு ஆகாதவர். நான் உள்ளே வந்துவிட்டேன். அதற்கு முந்தைய விதியில் 55 வயது, 30 பாக்கெட் ஆண்டு என்று இருந்தது. அதன்படி பார்த்தால் எனக்கு ஸ்கேன் கிடையாது. இந்தியாவில் நுரையீரலுக்கு அரசுத் திட்டம் இல்லை, ஆகவே மருத்துவர்கள் இந்தக் கணக்குகளைத்தான் வைத்துப் பேசுகிறார்கள்.

பீடிக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து, பீடியில் புகையிலை கொஞ்சம்தானே என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது. பீடி அணைந்து போகாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது; உள்ளே போகும் நஞ்சு சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. எங்கள் கடலோரத்தில் மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு இருக்கிறது, அதனால்தான் புற்றுநோய் என்று பேசிக்கொள்வது வழக்கம். அதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 1990 முதல் மக்களைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வில், மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பீடி குடித்த ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது

ஸ்கேன் வேண்டும் என்று முடிவானதும் இரண்டு இடம் விசாரித்தேன். நம் பக்கத்தில் ஒரு ஸ்கேன் நிலையம், 3,000 ரூபாய், மாலையில் போனால் இரவு ரிப்போர்ட். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை, மருத்துவர் கட்டணமும் சேர்த்து 5,500 ரூபாய், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஒரு நாள் கடை அடைப்பு. பார்த்தவுடன் எது லாபம் என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் இங்கேதான் எடுப்பதாக இருந்தேன்.

என் மனம் மாறியது இன்னொரு கடைக்காரரால். எனக்கு ஓராண்டு முன்னால் அவர் இங்கே ஸ்கேன் எடுத்தார். ‘வலது நுரையீரலில் 5 மில்லிமீட்டர் நோட்யூல், மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று ஒரு வரி. நோட்யூல் என்றால் சின்னப் புள்ளி போன்ற கட்டி. யார் பொருத்திப் பார்ப்பது? ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர் உடல் முழுக்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் பழைய காசநோய்த் தழும்பு, விட்டுத்தள்ளுங்கள் என்றார். மூவர் சொன்னதும் மூன்று திசை. அவர் களைத்துப்போய் உறையை அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அந்தப் புள்ளி வளர்கிறதா என்று பார்க்க அடுத்த ஸ்கேன் இன்றுவரை எடுக்கவில்லை. 3,000 ரூபாயில் அவருக்குக் கிடைத்தது ராத்தூக்கம் கெட்டதுதான்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெரிய அமெரிக்க ஆய்விலேயே, எடுத்த சி.டி. ஸ்கேன்களில் நான்கில் ஒன்றில் ஏதோ சந்தேகம் வந்தது. அப்படிச் சந்தேகம் வந்தவற்றில் நூற்றுக்கு 96 கடைசியில் புற்றுநோய் இல்லை. காசநோய் அங்கே அபூர்வம். நம் ஊரிலோ காசநோய் வந்து போனதே தெரியாமல் நெஞ்சில் தழும்போடு நடமாடுகிறவர்கள் ஏராளம். ஆகவே ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். தெரிந்த மறுநாள் யார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ‘இது இன்னது, அடுத்து இந்தத் தேதி’ என்று சொல்வார் என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் நல்ல மிஷின் இருந்தும் பயனில்லை. தேவையில்லாமல் நுரையீரலில் ஊசி குத்திப் பார்ப்பதும் நடக்கிறது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

2024 ஜனவரியில் திருவனந்தபுரம் போனேன். முதலில் நுரையீரல் மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். எத்தனை சிகரெட், எந்த வயதில், வீட்டில் யாருக்காவது, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இடத்தில் வேலை செய்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஏதாவது தெரிந்தால் என்ன செய்வோம் என்பதை ஸ்கேனுக்கு முன்பே சொன்னார். ஸ்கேன் எடுத்தது நிமிடக் கணக்கில்கூட இல்லை. இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் படுத்து, மூச்சை ஒருமுறை இழுத்துப் பிடித்தால் முடிந்தது. ஊசி இல்லை. கதிர்வீச்சு ஏறக்குறைய 1.5 மில்லிசீவெர்ட், வழக்கமான நெஞ்சு சி.டி. ஸ்கேனில் 7 வரை போகும். ஓராண்டில் இயற்கையிலிருந்தே நம் உடம்பில் படுவது உலக சராசரியில் 2.4. இங்கே விசாரித்தபோது ‘குறைந்த கதிர்வீச்சு முறையா?’ என்று கேட்டேன், ‘எல்லாம் ஒரே மிஷின்தான்’ என்று பதில் வந்தது. மிஷின் ஒன்றாக இருக்கலாம், அதை வைக்கும் அளவு வேறு. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய சோதனையில் அது சின்ன விஷயம் இல்லை.

பிற்பகலில் மருத்துவர் திரையில் காட்டினார். மவுஸ் உருளையை அவர் உருட்ட உருட்ட, கறுப்பு நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் வெள்ளை மரக்கிளை போல விரிந்து மறைந்தன. ஓரிடத்தில் நிறுத்தினார். வலது பக்க மேல்பகுதியில் ஒரு மிளகு அளவில் வெள்ளைப் புள்ளி. 6 மில்லிமீட்டர். அதற்குச் சற்று கீழே சுண்ணாம்பு படிந்த இன்னொன்று. அது பழைய காசநோய்த் தழும்பு, கவலை இல்லை என்றார். மிளகைப் பற்றி, “இந்த அளவுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்” என்றார். அட்டையில் ஜூலை மாதத் தேதியை எழுதி, கீழே போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வாரம் என் மனைவி பட்ட பாட்டோடு அதை ஒப்பிடவே முடியாது. எனக்கு ஒரு தேதி இருந்தது. தேதிக்கு இரண்டு நாள் முன்பு அங்கிருந்து ஒரு செவிலியர் கூப்பிட்டு நினைவுபடுத்தினார். ஜூலையில் மிளகு மிளகாகவே இருந்தது. 2025 ஜூலையிலும் அப்படியே.

செலவைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஆண்டுக்கு ஒரு நாளும் ஆறாயிரம் ரூபாய்க்கு உள்ளேயும் ஆகிறது. பேக்கேஜுக்கு மூவருக்குமாகக் கட்டியதில் இரண்டு ஆண்டு ஸ்கேன் எடுத்துவிடலாம். உங்கள் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் எந்த மருத்துவமனையில் எதற்குச் செல்லும் என்பதைப் போகுமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கையிலிருந்துதான் கட்டினேன். மொழி ஒரு தடையே இல்லை. 1956க்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்தானே. என் அப்பா காலத்தில் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்தில் இதே மாதிரி பேசி, தேதி கொடுத்து, தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் உங்களுக்குக் கிடைத்தால் அங்கேயே போங்கள். நான் சொல்வது ஊரைப் பற்றி இல்லை.

யாருக்கு வேண்டாம்

பரிசோதனை நிலையத்தார் பிறகு என் மகனுக்கும் ஒரு சலுகை அனுப்பினார்கள். அவனுக்கு 27 வயது, சிகரெட் பழக்கம் இருக்கிறது. அவனுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. அந்த வயதில் அதனால் உயிர் காத்ததாக எந்த ஆய்விலும் இல்லை, கதிர்வீச்சுதான் மிச்சம். 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைத்தான் அவன் போனில் பதிந்து கொடுத்தேன். இரண்டு தடவை விட்டு மீண்டும் தொடங்கியிருக்கிறான். மூன்றாம் தடவை விட்டு இப்போது நான்கு மாதம்.

என் அம்மாவுக்கு 84 வயது. முந்திரி ஆலையில், நாங்கள் அண்டியாபீஸ் என்போம், முப்பது ஆண்டு வறுக்கும் புகையில் நின்றவர், வீட்டில் விறகடுப்பு. அவருக்கும் ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சிகரெட் தொடாத பெண்களுக்கு இந்த ஸ்கேனால் மரணம் குறையும் என்பதற்கு நம் நாட்டில் ஆதாரம் சேரவில்லை, இந்த வயதில் ஏதாவது தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் உடம்பு வேண்டுமே என்று பொறுமையாகச் சொன்னார். அம்மாவிடம் வந்து சொன்னேன். “எனக்கு வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லவில்லையா மக்களே, அந்தப் பஸ்ஸில் யார் ஏறுவது?” என்றார்.

குடல் புற்றுநோய்க்கு மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனை 45 வயதுக்கு மேல் என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். நான் ஒரே ஒரு தடவை செய்தேன், இல்லை என்று வந்தது. என் அனுபவம் அவ்வளவுதான், அதை வைத்து இன்னொருவருக்குச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர் கடைக்கு வந்தார். 53 வயது, இருபத்தைந்து ஆண்டாகப் பீடி, இன்னும் விடவில்லை. கையில் அதே பேக்கேஜின் துண்டுப் பிரசுரம், விலை இப்போது 5,500. அவரிடம் சொன்னது இதுதான்: நாளைக் காலை சுகாதார நிலையத்துக்குப் போய் வாயைக் காட்டுங்கள், வீட்டிலிருந்து அக்காவையும் கூட்டிப் போங்கள், அதற்குக் காசு வேண்டாம். இந்தக் காசை நுரையீரல் மருத்துவருக்கு வையுங்கள், பீடிக் கணக்கைக் குறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால், குறைந்த கதிர்வீச்சுதானா, ரிப்போர்ட்டை உட்கார்ந்து விளக்குவது யார், அடுத்த ஸ்கேனுக்குக் கூப்பிடுவது யார் என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பிரசுரத்தின் பின்பக்கத்திலேயே அந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.